ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

எங்கள் கல்லூரியில் உயிரித்தொழில்நுட்பத் துறையை இந்த வருடத்தோடு மூடுகிறார்கள். சேரப் பிள்ளைகள் இல்லை. கடைசி பேட்ச் வெளியேறுவதை ஒட்டி ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற பேராசிரியர் என்ற முறையில் நான் ‘மாணவர்களுக்கு ஊக்கம் தரும்படி’ நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கேட்டவன் என்னிடம் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்த பையன். தங்கமான பையன்தான், ஆனால் ஊக்கம் வேண்டுமென்றால் அவன் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு தொட்டியின் கதை. எழுதித் தருகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். ஒரு சர்க்கரை ஆலையின் டிஸ்டிலரியில் மொலாசஸ் நாற்றத்தில் சில வருடம் கிடந்தேன். அங்கே ஈஸ்ட்டைப் பார்த்துத்தான் எனக்கு உயிருள்ளவற்றை வைத்து வேலை வாங்கும் பைத்தியம் பிடித்தது. மேலே படித்தேன், வாத்தியார் ஆனேன். இரண்டாயிரம் பிறந்ததும் ஊரெல்லாம் பயோடெக் என்று ஒரு பேய் பிடித்து ஆட்டியதே, அப்போது திருப்பூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் அந்தத் துறையைத் தொடங்கினார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன். முதல் வருடம் சீட்டுக்கு அடிதடி. பனியன் கம்பெனி முதலாளிகள் காரில் வந்து, பயோடெக் படித்தால் பையன் நேரே அமெரிக்கா போய்விடுவானா என்று கேட்டார்கள். போவான் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நான் சொல்லவில்லை, ஆபீஸில் சொன்னார்கள்.

துறைத்தலைவர் டாக்டர் லோகநாயகி. என் வயதுதான் இருக்கும், ஆனால் அவர் முன்னால் எனக்கு எப்போதும் ஹால் டிக்கெட் மறந்து வந்தவனின் நடுக்கம். ஆய்வகத்துக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். எதையும் தொட மாட்டார். பெர்மென்டரின் காற்றுப்போக்கிக் குழாய் அருகே குனிந்து ஒரு தடவை மூச்சை இழுப்பார். கெட்டுப்போயிருந்தால் அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். “கொட்டிட்டு முதல்லயிருந்து பண்ணுங்க” என்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அவர் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

பெர்மென்டர் என்பது ஒன்றுமில்லை, நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்த ஒரு கண்ணாடிப் பானை. சாப்பாடு, காற்று, சூடு எல்லாம் அளவாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேண்டாத கிருமி ஒன்று உள்ளே போனால் அத்தனையும் பாழ். அதனால் எங்கள் தொழிலின் முதல் பாடம் சுத்தம். மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது, கைக்கு உறை, வாய்க்குத் துணி, குழாய்களை நீராவியில் வேகவைப்பது, ஊசி செருகும் இடத்தைச் சுற்றி நெருப்புக் காட்டுவது. ஒரு செமஸ்டர் முழுக்க இதையே சொல்லிக்கொடுப்பேன். பிள்ளைகள் என்னை ‘டெட்டால் சார்’ என்று கூப்பிட்டது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் திருப்பூருக்கு ஒரே தலைவலி சாயத்தண்ணீர். நொய்யலில் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை. கம்பெனிகளில் அந்த வாரம் எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். கோர்ட், கேஸ், விவசாயிகள் போராட்டம் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. சாயத்தைத் தின்னும் நுண்ணுயிர்களை வைத்து அந்தத் தண்ணீரைத் தெளிய வைக்க முடியுமா என்று நாங்கள் ஒரு திட்டம் எழுதிப் போட்டோம். வெளியூர் அமைப்பு ஒன்று பணம் ஒதுக்கியது. அந்தத் திட்டத்துக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தவள்தான் எஸ்தர்.

எஸ்தரின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனியில் டெய்லர்கள். நல்லூரில் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அவள் பேசுவது கொஞ்சம், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. ஆனால் வேலையில் அவளைப் போல ஒரு பிள்ளையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதல் மாதமே லோகநாயகி அம்மாள் அவள் மேசையை மூன்று முறை பேசாமல் கடந்து போனார். துறையில் அது அவார்டு வாங்கியதற்குச் சமம்.

ஆய்வகத்தில் எல்லாம் அழகாக நடந்தது. நாங்களே சாயம் கரைத்த தண்ணீர், நாங்களே வளர்த்த பாக்டீரியா, ஒன்றரை நாளில் தண்ணீர் தெளிந்துவிடும். அதை நிஜமான சாயப்பட்டறைக்குக் கொண்டுபோனதும் ஒரே வாரத்தில் எல்லாம் செத்துப்போயின. சாயம் துணியில் ஏறுவதற்காகப் பட்டறைகளில் கொட்டுகிற உப்பு அப்படி. எஸ்தர் அசரவில்லை. அந்தப் பட்டறையின் சாக்கடைச் சேற்றையே அள்ளி வந்து, மாட்டுச் சாணம் கலந்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கினாள்.

பட்டறைக்குள்ளேயே ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி வைத்தோம். உள்ளே விரல் மோதிரம் அளவுள்ள பிளாஸ்டிக் வளையங்களைக் கொட்டி நிரப்பியிருந்தோம். அந்த வளையங்களின் மேல்தான் பாக்டீரியா குடியேற வேண்டும். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வளையங்களில் ஒரு வழவழப்பு தட்ட ஆரம்பித்தது. கரும்பழுப்பு நிறம், மூக்கில் வைக்க முடியாத நாற்றம். அதுதான் எங்கள் செல்வம். அதில் ஒரு வகை சாயத்தை உடைக்கும், இன்னொரு வகை உடைந்ததைத் தின்னும், மூன்றாவது வகை மற்ற இரண்டையும் உப்பிலிருந்து காப்பாற்றும். அத்தனையும் சேர்ந்து ஒரு ஊராக அமைய வருடம் பிடித்தது. தனித்தனி வகைகளை எடுத்து ஆய்வக ஃப்ரீசரில் வைத்திருந்தோம். ஆனால் அவற்றை மறுபடி கலந்தால் அந்த ஊர் வராது. முயன்று பார்த்துவிட்டோம்.

பிறகு ஒரு நாள் மேலே கருநீலமாகப் போன தண்ணீர் கீழே வெளிறிய மோர் நிறத்தில் வந்தது. அடுத்த வாரம் இன்னும் தெளிவாக வந்தது. பட்டறை முதலாளி அதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். பணம் கொடுத்த அமைப்பின் கமிட்டி நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. அவர்கள் ஒப்புக்கொண்டால் எஸ்தருக்கு உதவித்தொகை தொடரும், முனைவர் பட்டம் உறுதி. ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த மாதத்தோடு எல்லாம் நின்றுவிடும். வீட்டில் அவளை மேற்கொண்டு படிக்க வைக்க வழியில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பட்டறையில் வின்ச் ஓட்டியவர் பழனிசாமி. துணியைச் சாயத்தில் புரட்டிப் புரட்டி எடுக்கும் மெஷினுக்கு வின்ச் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை தோல் வெந்து தடித்த கைகள். எஸ்தர் தினமும் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கி தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்துப்போவாள். அவள் வருகிற நேரத்துக்கு அவர் டீ வாங்கி மூடி வைத்திருப்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை அம்மிணி என்பார். தொட்டியின் பக்கத்தில் ஒரு போர்டு வைத்தோம். ப்ளீச்சிங் தண்ணீரை இதில் விடக் கூடாது, மோட்டாரை நிறுத்தக் கூடாது என்று இரண்டே கட்டளை. நாங்கள் இல்லாத நேரத்தில் அந்த இரண்டையும் காவல் காத்தவர் பழனிசாமிதான். ஒரு தடவை மோட்டாரை நிறுத்தப்போன எலக்ட்ரீஷியனை அடிக்கவே போய்விட்டாராம்.

கமிட்டி வர ஒரு மாதம்கூட இல்லாத சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. ஆயுத பூஜைக்குத் திருப்பூர் எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினிலிருந்து இஸ்திரிப் பெட்டி வரை துடைத்துக் கழுவிச் சந்தனம் வைக்காத பொருள் கிடையாது. எங்கள் ஆய்வகத்திலும் குழாய்களை வேகவைக்கும் ஆட்டோகிளேவுக்குக் குங்குமம் உண்டு. லோகநாயகி அம்மாள் அதற்கு மட்டும் கையை முன்னால் எடுத்துக் கும்பிடுவார்.

லீவு முடிந்து பட்டறை திறந்த அன்று நானும் எஸ்தரோடு போனேன். கமிட்டிக்கு முன்னால் எல்லா அளவுகளையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. பழனிசாமி கேட்டருகிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எங்களை நேரே தொட்டியிடம் கூட்டிப்போனார். தொட்டிக்கு நாலு பக்கமும் சந்தனம், குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. அவரே மூடியைத் தூக்கிக் காட்டினார்.

உள்ளே வளையங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நாங்கள் வாங்கி வந்த அன்றுகூட அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

“நீ பூசைக்கு வர மாட்டீன்னு தெரியும் அம்மிணி, உங்க சாமி வேற. அதுக்காவ உம்பட மிசினு மட்டும் அழுக்கோட நிக்கோணுமா? நாங்க மூணு பேரு சேந்து அத்தனை வளையத்தையும் அள்ளி வெளிய போட்டுத் தேச்சுட்டோம். ஒரு பொட்டு வழுக்கல் இல்ல, பாரு.”

என்னிடம் திரும்பினார். “போர்டுல போட்டிருக்கறத மீறலீங்க சார். ப்ளீச்சை உள்ள ஊத்துல, வெளிய டிரம்முல வெச்சுத்தான் கழுவுனோம். மோட்டாரையும் நிறுத்துலீங்க.”

ஐயோ, அந்த நாற்றத்தில் எப்படி நின்றார்களோ. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து உச்சி வரை தேய்த்தார்களாம். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கழுவாதே என்று போர்டில் எழுத எந்த மடையனுக்காவது தோன்றியிருக்குமா? சுத்தம் சுத்தம் என்று ஆயுள் முழுக்கக் கத்தியவன் நான்.

எஸ்தர் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, “ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி” என்றாள். அவர் கொடுத்த பொரியையும் கடலையையும் இரண்டு கையாலும் வாங்கித் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

வெளியே பாய்லருக்கு விறகு அடுக்கியிருந்த இடத்துக்கு வந்த பிறகுதான் அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழுவியதில் எல்லாம் செத்துப்போனதைப் பழனிசாமியிடமும் முதலாளியிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

துறைத்தலைவரிடம் மட்டும் மறைக்கவில்லை. லோகநாயகி அம்மாள் அன்றைக்கே பட்டறைக்கு வந்தார். தொட்டியின் அடியில் குழாய் வளைகிற இடத்தில் பிரஷ் போயிருக்காது என்று கணக்குப் போட்டு, குழாயைக் கழற்றச் சொல்லி, ஈரத் தரையில் மண்டியிட்டு ஒரு கரண்டியால் சுரண்டினார். கொட்டைப்பாக்கு அளவு வழவழப்பு கிடைத்தது. கை வைத்து அவர் வேலை செய்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். பழனிசாமி அவருக்கும் டீ கொண்டுவந்தார். அம்மாள் வாங்கிக் குடித்தார்.

அந்தக் கொட்டைப்பாக்கை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கல்லூரி பெர்மென்டரில் வளர்த்தோம். பெருகியது. நம்பிக்கை வந்தது. தொட்டியில் விட்டோம். வளையங்களில் ஏதோ படிந்தது, நாற்றமும் வந்தது. எஸ்தர் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். ஆனால் கீழே வந்த தண்ணீர் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் தெளியவில்லை. சாயத்தை உடைக்கிறவை பிழைத்துக்கொண்டன, உடைந்ததைத் தின்கிறவை திரும்ப வரவில்லை என்று அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டோம். மற்றபடி செய்ய ஒன்றுமில்லை.

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் அம்மாளின் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்றார் அவர். தவறுதலாகக் கழுவிவிட்டார்கள் என்றால் விபத்து, ஒரு வருடம் நீட்டித்துத் தருவார்கள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. எஸ்தர் தலையை ஆட்டி மறுத்தாள். அந்த முதலாளி எப்படிப்பட்டவர் என்று எங்களுக்குத் தெரியும். பட்டறையை மூடாமல் காப்பாற்ற அவர் இந்தத் தொட்டியைத்தான் நம்பியிருந்தார். யார் கழுவியது என்று தெரிந்த மறுநிமிடம் ஆளை வெளியே தள்ளிவிடுவார். வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லி வைக்கலாம் என்றேன் நான்.

“வேலை போனாக்கூட வேற பாத்துக்கிடுவாரு சார்” என்றாள். “எனக்குன்னு செஞ்சு எம் படிப்பையே கொன்னுட்டமேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு.”

மறுநாள் கமிட்டி வந்தது. மூன்று பேர். முதலாளி வெள்ளைச் சட்டையில் கை கட்டி நின்றார். ஆரஞ்சுத் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். போன மாதம் வரைக்கும் தெளிவாக வந்த தண்ணீருக்கு இப்போது என்ன ஆனது என்று மூத்தவர் எஸ்தரைக் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார். பழனிசாமி இளநீர்த் தட்டோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவள் நன்றாகச் சொல்லிவிட வேண்டுமே என்று அவர் முகத்தில் அப்படி ஒரு தவிப்பு.

“தெரியலை சார்” என்றாள் எஸ்தர்.

பாக்டீரியா கல்ச்சர் தானாக நலிந்துபோனதா என்று கேட்டார். இருக்கலாம் என்றாள். லோகநாயகி அம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஏறும்போது அந்த மூத்தவர் என்னைத் தனியே அழைத்து வருத்தத்தோடுதான் சொன்னார். ஏதாவது விபத்து என்றால் அவகாசம் கொடுத்திருப்போம், காரணமே தெரியாமல் சாகிற ஒன்றை எந்தப் பட்டறைக்குச் சிபாரிசு செய்வது என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உதவித்தொகை நின்றது. அதுவரை கிடைத்ததை வைத்தாவது ஆய்வேட்டை எழுதி முடிக்கலாம் என்று நான் அம்மாளிடம் போய்க் கெஞ்சினேன். எஸ்தரையும் வைத்துக்கொண்டே அவர் பதில் சொன்னார்.

“அன்னிக்கு நீ பொய் சொன்னப்ப நான் குறுக்க பேசலை. அது உன் மனசுக்கு நான் குடுத்த மரியாதை. ஆனா தெரிஞ்ச காரணத்தைத் தெரியாதுன்னு எழுதற தீசிஸ்ல என் கையெழுத்து வராது.”

உண்மையை எழுதினால் ஒப்பந்தப்படி ஒரு பிரதி முதலாளிக்குப் போகும். எஸ்தர், “சரி மேடம்” என்றாள். தன் மேசையைத் துடைத்தாள், ஸ்பிரிட் போட்டு, நான் சொல்லிக்கொடுத்த முறைப்படி. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மாள் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது யோசித்தால் அவரும் சரி, அவளும் சரி. அதுதான் என்னைக் கொல்கிறது. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகும் பல வருடம் பாடம் நடத்தினேன். சுத்தத்தைப் பற்றிய பாடம் வரும்போது மட்டும் குரல் எழும்பாது. பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். இருந்தவர்களும் படித்து முடித்துக் கால் சென்டருக்கும் பாங்க் பரீட்சைக்கும் போனார்கள். கோர்ட் உத்தரவில் அந்தப் பட்டறையும் மற்ற சாயப்பட்டறைகளோடு சேர்த்து மூடப்பட்டது. அன்று எஸ்தருக்கு போன் போட்டு, இனி உண்மையை எழுதலாமே, யாருக்கும் பாதகம் இல்லையே என்றேன். ஆய்வுப் பதிவுக்காலம் முடிந்துவிட்டது சார் என்றாள். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தாள். வெளிநாட்டுக்காரன் கேட்ட கலர் துணியில் அப்படியே வந்திருக்கிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துச் சொல்கிற வேலை. நன்றாகச் செய்வதாகக் கம்பெனியில் பெயராம். செய்வாள். எதைக் கொடுத்தாலும் செய்வாள்.

போன தையில் ஒரு கல்யாணத்துக்காக மூலனூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பழனிசாமி வெகுவாகத் தளர்ந்திருந்தார். பட்டறை மூடியதும் சொந்த ஊருக்கே வந்துவிட்டாராம். கூட அவர் மனைவி இருந்தார். சௌக்கியம் விசாரித்த கையோடு கேட்டார்.

“ஏனுங்க சார், அந்த எஸ்தர் அம்மிணி இந்நேரம் பெரிய டாக்டர் ஆயிருக்குமுங்களே?”

“ஆமாங்க, ஆயிருச்சு” என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியின் தோளைத் தொட்டுச் சொன்னார்: “நாஞ் சொல்லுவனல்ல, அந்தப் புள்ளைதான். அதும்பட மிசினை நாந்தான் கழுவிக் குடுத்தேன்.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.